2024-ஐ டாலஸில் படம்பிடித்தவர்

2024 எப்படிப் போயிற்று என்று கேட்டால் கேட்டியில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறோம். பொங்கலுக்கு ‘அயலான்’ வந்தது. ஏப்ரல் 8 அன்று முழுச் சூரிய கிரகணம் பார்க்கப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு டாலஸ் பக்கம் போனவர்கள் நம்மில் உண்டு. ஜூலையில் பெரில் புயல் கடந்தபின் ஹூஸ்டன் வட்டாரத்தில் பல வீடுகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. குளிர்பெட்டியில் இருந்த தோசை மாவு புளித்துப் பொங்கி வழிந்ததுதான் சிலருக்கு நினைவில் நிற்கிறது.

அதே 2024-ஐ இதே டெக்சாஸில் ஒருவர் 1950களின் கடைசியிலேயே படம்பிடித்து முடித்துவிட்டார். அவருடைய 2024-இல் தரைக்கு மேலே ஊர் என்று எதுவும் மிச்சமில்லை. அணுகுண்டுச் சோதனைகளால் பூமியைக் காத்துநின்ற படலம் கெட்டு, விண்கதிர்கள் உள்ளே புகுந்து, 1971-இல் கொள்ளைநோய் பரவி உலகம் அழிந்துவிட்டது. தப்பியவர்கள் நிலத்தடி நகரம் ஒன்றில் வாழ்கிறார்கள். பெரும்பாலோருக்குக் காது கேட்காது, பேச்சு வராது, குழந்தையும் பிறக்காது. 1960-இல் ஜெட் விமானத்தில் கிளம்பும் ஓர் அமெரிக்க விமானி வேகம் மிகுந்து காலத்தின் சுவரையே தாண்டி, நேராக அங்கே போய் இறங்குகிறார். படத்தின் பெயர் ‘பியாண்ட் த டைம் பேரியர்’. எடுத்தவர் எட்கர் ஜி. உல்மர்.

சிரிப்புப் படமாக நினைத்து எடுத்ததில்லை. ஆனால் இன்று குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தால் ‘இன்று நேற்று நாளை’ படத்துக்குச் சிரித்ததைவிட அதிகமாகவே சிரிப்போம். கதிர்வீச்சால் உருமாறிய பயங்கர மனிதர்கள் என்று காட்டப்படுகிறவர்கள், தலையில் வழுக்கைத் தொப்பி மாட்டிய சிலர்தான். நகரத்து மக்கள் பேசாமல் முறைத்துக்கொண்டே நடக்கிறார்கள். வசனம் இல்லாத துணை நடிகருக்குக் கூலி குறைவு என்பதால் ஊரையே ஊமையாக்கிவிட்டார்களோ என்று நமக்கு ஒரு சந்தேகம். மலிவுப் படங்களை ரசித்துக் கேலி செய்கிற அமெரிக்க ரசிகர் கூட்டத்துக்கு உல்மரின் டெக்சாஸ் படங்கள் பழைய விருந்து. இதனோடு சேர்த்து அதே டாலஸில் அவர் எடுத்த ‘தி அமேசிங் டிரான்ஸ்பேரண்ட் மேன்’ படத்தை 1990களில் ஒரு தொலைக்காட்சிக் கேலி நிகழ்ச்சியே எடுத்து அலசியது.

இந்தக் கேலிக்குப் பின்னால் இருக்கும் மனிதர் யார் என்று தேடிப் போனால், நம்மைப் போன்ற புலம்பெயர்ந்தவர்களுக்குச் சிரிப்பு மெல்ல அடங்கிவிடும்.

உல்மர் தாம் பிறந்த ஊர் வியன்னா என்று சொல்லிக்கொள்வார். உண்மையில் 1904 செப்டம்பர் 17 அன்று அவர் பிறந்தது மொராவியாவில் உள்ள ஓல்முட்ஸ் நகரில். இன்று அது செக் நாட்டின் ஓலமோட்ஸ். யூதக் குடும்பம். தந்தை திராட்சை மது வியாபாரி. வளர்ந்தது வியன்னாவில். முதல் உலகப்போரில் ஆஸ்திரியப் படையில் இருந்த தந்தை இறந்துபோனார். போருக்குப் பிறகு பசியில் வாடிய வியன்னாப் பிள்ளைகளை வெளிநாட்டுக் குடும்பங்கள் சில காலம் ஏற்று வளர்த்தன. அப்படி அந்தப் பையன் ஸ்வீடனுக்குப் போனான். மொழி தெரியாத வீட்டில் வளர்ப்புப் பிள்ளையாக இருக்கும் பாடத்தை உல்மர் சின்ன வயதிலேயே படித்துவிட்டார்.

பிறகு நாடகம், அரங்க அமைப்பு, சினிமா. மாக்ஸ் ரைன்ஹார்ட் என்ற பெரிய நாடகக்காரரின் வட்டம், பிறகு இயக்குநர் முர்னோவிடம் வேலை. இந்தக் காலத்தைப் பற்றி உல்மர் சொன்னவற்றில் எது நிஜம், எது ஜோடனை என்று பிரிப்பதற்குள் ஆராய்ச்சியாளர்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஜெர்மனியின் பெயர்பெற்ற மௌனப் படங்கள் அத்தனையிலும் தன் கை இருந்ததாகச் சொல்வார். நூற்றுக்கு மேல் படம் எடுத்ததாகவும் சொல்வார். ஊரை விட்டு வெகுதூரம் வந்தவர்கள் ஊரில் இருந்த வீட்டுக்கு ஒரு மாடி கூட்டிச் சொல்வதை நாம் பார்க்காதவர்களா? தரைதளம் நிஜம். மாடியைத்தான் கொஞ்சம் பார்த்து ஏற வேண்டும்.

நிஜமான தரைதளம் என்று ஒரு படம் இருக்கிறது. 1930-இல் பெர்லினில் வெளிவந்த ‘மனிதர்கள் ஞாயிற்றுக்கிழமையில்’ என்ற ஜெர்மன் படம். தொழில்முறை நடிகர்கள் கிடையாது. சாதாரண வேலை செய்யும் இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்குப் போய்வருகிறார்கள், அவ்வளவுதான் கதை. நான்கைந்து நண்பர்கள் காசு இல்லாமல் எடுத்த அந்தப் படத்தில் உல்மரோடு வேலை செய்தவர்களின் பட்டியலைப் பாருங்கள்: ராபர்ட் சியோட்மாக், பில்லி வைல்டர், ஃபிரெட் சின்னமன், ஒளிப்பதிவாளர் யூகன் ஷூஃப்டான். ஹிட்லர் வந்ததும் இவர்களில் பலர் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. நால்வரும் பின்னாளில் அமெரிக்க சினிமாவில் பெரும் பெயர் எடுத்தார்கள். உல்மருக்கும் அந்த வாய்ப்பு வந்தது, வந்து போனது.

1934-இல் யுனிவர்சல் நிறுவனத்துக்காக அவர் எடுத்த ‘தி பிளாக் கேட்’ படத்தில், பேய்ப் படங்களின் இரண்டு சக்கரவர்த்திகளான போரிஸ் கார்லாஃபும் பேலா லுகோசியும் முதன்முறையாகச் சேர்ந்து நடித்தார்கள். படம் நன்றாக ஓடியது. முப்பது வயது இயக்குநருக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் அந்தச் சமயத்தில் உல்மர் காதலில் விழுந்தார். அந்தப் பெண் ஷெர்லி அப்போது வேறொருவரின் மனைவி. அந்த வேறொருவர் யுனிவர்சல் முதலாளி கார்ல் லெம்லியின் மருமகன் முறை. பெரிய குடும்பத்தின் மருமகளை அழைத்துக்கொண்டு போனவனுக்கு அந்த ஊரில் வேலை கிடைக்குமா? கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. 1934-இலேயே வந்த ‘தண்டர் ஓவர் டெக்சாஸ்’ என்ற குதிரைப் படத்தில் ஜான் வார்னர் என்று புனைபெயர் போட்டுக்கொண்டார். டெக்சாஸ் என்ற பெயரோடு அவருக்கு ஏற்பட்ட முதல் உறவு அந்தப் பொய்ப் பெயரில்தான்.

ஷெர்லியைத் திருமணம் செய்துகொண்டு நியூயார்க் வந்து சேர்ந்தார். அதன்பின் அவர் எடுத்த ஏறக்குறைய எல்லாப் படங்களுக்கும் காட்சித் தொடர்ச்சி பார்த்தது அந்த அம்மையார்தான். சிலவற்றில் எழுத்தும் அவருடையது.

இனி வருவதுதான் நமக்கு நெருக்கமான பகுதி. நியூ ஜெர்சியில் இருக்கும் நம் நண்பர்கள் கொஞ்சம் கூடுதலாகவே கவனிக்கலாம்.

வசீல் அவ்ரமென்கோ என்று ஒரு உக்ரைன் நடன ஆசிரியர். 1920களில் கனடாவுக்கு வந்தவர். ஊர் ஊராகப் போய்ப் புலம்பெயர்ந்த உக்ரைனியர்களின் பிள்ளைகளுக்கு நாட்டுப்புற நடனம் சொல்லிக்கொடுப்பது அவர் தொழில், தொழிலைவிட வெறி. சனி ஞாயிறு வகுப்பு, வருடக் கடைசியில் மேடை நிகழ்ச்சி, பெற்றோர்கள் தைத்துக் கொடுக்கும் உடைகள். நம் பரதநாட்டிய வகுப்புகளைப் பார்த்தவர்களுக்கு மேலே விளக்கத் தேவையில்லை. அந்த மனிதருக்கு ஒருநாள் உக்ரைன் மொழியில் சினிமா எடுத்தே தீர வேண்டும் என்று தோன்றிவிட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் உழைத்துப் பிழைத்த எளிய குடியேறிகளிடம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். ‘நதால்கா பொல்தாவ்கா’ என்ற பழைய இசை நாடகத்தைத் தேர்ந்தெடுத்தார். இயக்குவதற்குச் சினிமா தெரிந்த, மலிவாகக் கிடைக்கக்கூடிய ஓர் ஆள் வேண்டும். உல்மர் கிடைத்தார்.

உல்மருக்கு உக்ரைன் மொழி தெரியாது. நியூ ஜெர்சியின் பண்ணை நிலத்தில் உக்ரைன் கிராமம் எழும்பியது. 1936-இல் படம் வெளிவந்தது. ஆண்டைக் கவனியுங்கள். அதே 1936-இல்தான், தமிழில் ஒரு வார்த்தை தெரியாத எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கிய ‘சதி லீலாவதி’ வந்தது. எம்.ஜி.ஆர். முதன்முதலாகத் திரையில் தோன்றிய படம். உலகத்தின் இரண்டு மூலைகளில், மொழி தெரியாத இருவர், அடுத்தவர் மொழிக்காக ஒரே சமயத்தில் வேலை செய்திருக்கிறார்கள். டங்கனை நாம் கொண்டாடுகிறோம். உல்மரை உக்ரைனியர்களும் மறக்கவில்லை. அவ்ரமென்கோவுடன் அவர் மீண்டும் ஒரு படம் செய்தார். டான்யூப் ஆற்றுக்கு அப்பால் நாடுகடந்து வாழும் கொசாக்குகள் ஊர் திரும்பத் துடிக்கும் கதை அது. கடல் தாண்டி வந்து நியூ ஜெர்சியில் உட்கார்ந்து, ஆறு தாண்டிப் போனவர்களின் ஏக்கத்தைப் பாடியிருக்கிறார்கள்.

அடுத்து இத்திஷ் மொழிப் படங்கள். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வீட்டு மொழி இத்திஷ். உல்மர் பிறப்பால் யூதர் என்றாலும் வியன்னாவில் ஜெர்மன் பேசி வளர்ந்தவர், அந்த மொழி அவருக்குச் சரளமில்லை. 1937-இல் ‘கிரீன் ஃபீல்ட்ஸ்’ படத்தை ஜேக்கப் பென்-ஆமி என்ற இத்திஷ் நாடகக் கலைஞருடன் சேர்ந்து இயக்கினார். பெரெட்ஸ் ஹிர்ஷ்பைன் எழுதிய நாடகம். படிப்பே கதி என்று இருக்கும் ஓர் இளைஞன் உண்மையான மனிதர்களைத் தேடி நடந்து, உழவர் குடும்பம் ஒன்றில் வந்து தங்குகிறான், அங்கே ஒரு பெண்ணிடம் மனம் போகிறது. இவ்வளவுதான். நியூயார்க் தையல்கூடங்களில் வேலை செய்துவிட்டு வந்து திரையரங்கில் உட்கார்ந்த மனிதர்களுக்கு வயலும் மரமும் தங்கள் மொழியும் ஒரே திரையில் கிடைத்தன. படம் பெரிய வெற்றி.

அடுத்த ஆண்டு ‘தி சிங்கிங் பிளாக்ஸ்மித்’. நியூ ஜெர்சியின் நியூட்டன் அருகே ஒரு கிறித்தவ மடத்துக்குச் சொந்தமான நிலத்தில் யூத கிராமத்தை எழுப்பினார்கள். அந்த வட்டாரத்தில் ஒருபக்கம் நிர்வாண சங்கத்தாரின் முகாம், இன்னொரு பக்கம் அமெரிக்க நாஜி ஆதரவாளர்களின் முகாம் என்று உல்மர் பிற்காலத்தில் கதை சொல்வார். மாடி கட்டிச் சொல்கிறார் என்று நாம் ஒதுக்கிவிடலாம். ஆனால் நாஜி ஆதரவாளர்களின் நார்ட்லாந்து முகாம் அங்கிருந்து சற்றுத் தொலைவில் ஆண்டோவரில் 1937-இலிருந்து நடந்தது வரலாற்று உண்மை. சாமியார்கள் இடம் கொடுக்க, யூத நடிகர்கள் பாட்டுப் பாட, அக்கம்பக்கத்தில் சீருடை போட்டவர்கள் ஹிட்லருக்குக் கை உயர்த்திக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கா என்பது எப்போதுமே இப்படித்தான் போலிருக்கிறது.

1939 செப்டம்பரில், ஐரோப்பாவில் போர் மூண்ட அதே மாதம், ‘தி லைட் அஹெட்’ வெளியானது. கால் ஊனமான இளைஞனும் கண் தெரியாத பெண்ணும், காலரா பரவும் ஒரு சின்ன ஊரும். நியூ ஜெர்சியில் போட்ட அட்டைக் கிராமம் போன்ற நிஜக் கிராமங்கள் போலந்திலும் உக்ரைனிலும் ஆயிரக்கணக்கில் இருந்தன. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் அந்த ஊர்களும், அங்கே அந்த மொழியைப் பேசிய மக்களும், இந்தப் படங்களைப் பார்த்திருக்கக்கூடிய கூட்டமும் கொன்றழிக்கப்பட்டன. 1940-இல் ‘அமெரிக்கன் மேட்ச்மேக்கர்’ என்ற நகைச்சுவைப் படம் ஒன்று செய்தார். கல்யாணமே அமையாத ஒருவர் கல்யாணத் தரகராக மாறும் கதை, நம் வீடுகளில் போட்டால் இன்றும் எடுபடும். உல்மர் எடுத்த இத்திஷ் படங்களில் அதுவே கடைசி.

இதே காலத்தில் காசநோய் ஒழிப்புச் சங்கத்துக்காகக் குறும்படங்களும் எடுத்தார். ஒன்று நம் சான் அன்டோனியோவில், மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களை வைத்து எடுத்தது. ஹார்லெம் கறுப்பின மக்களின் கதையாக ‘மூன் ஓவர் ஹார்லெம்’. எந்தச் சமூகம் தன் முகத்தைத் திரையில் பார்க்க ஆசைப்பட்டு, கையில் காசு குறைவாக வைத்திருந்ததோ, அங்கெல்லாம் உல்மர் போய் நின்றார். ஆசையா, வேறு வழி இல்லாமையா என்று கேட்டால் இரண்டும்தான் என்போம்.

1940களில் மீண்டும் ஹாலிவுட். பி.ஆர்.சி. என்ற ஏழை நிறுவனம். அங்கே 1945-இல் எடுத்த ‘டீடூர்’தான் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நியூயார்க்கிலிருந்து கலிஃபோர்னியாவில் இருக்கும் காதலியைப் பார்க்க வழிப்போக்கு வண்டிகளில் தொற்றிக்கொண்டு போகும் ஒரு பியானோக்காரன், ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்ட நேரத்தில் சிக்குகிறான். ஆறே நாளில் எடுத்தது என்பது உல்மர் பரப்பிய கதை. உண்மையில் அதைவிட நாள் கூடுதலாகத்தான் பிடித்தது. ஒரு வேடிக்கை: சில காட்சிகளில் படச்சுருளை இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், அதனால் அமெரிக்கச் சாலையில் வண்டிகள் நம் ஊர் போல இடப்பக்கம் ஓடுகின்றன. முதல்முறை பார்க்கும் இந்தியக் கண்ணுக்கு அது தவறாகவே படாது. 1992-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் நாட்டின் பாதுகாக்கப்பட வேண்டிய படங்களின் பட்டியலில் ‘டீடூர்’ படத்தைச் சேர்த்தது.

ஐம்பதுகளில் கிடைத்ததையெல்லாம் செய்தார். 1951-இல் ‘தி மேன் ஃபிரம் பிளானட் எக்ஸ்’, வேற்றுக்கிரகவாசி வரும் படம். ஜோன் ஆஃப் ஆர்க் படத்துக்குப் போட்டு மிச்சமான அரங்கங்களை வாங்கி, அவற்றின் கிழிசல் தெரியாமல் இருக்கப் புகைமூட்டத்தை நிரப்பி எடுத்தது. அடுத்த ஆண்டு நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களுடன் கூட்டுச் சேர்ந்து ‘காடு’ படத்தில் யானைக்கு ரோமம் ஒட்டி ஆதிகால மாமூத் ஆக்கியதை நினைத்துக்கொண்டால் உல்மரின் புகையை மன்னித்துவிடலாம். 1955-இல் ‘தி நேக்கட் டான்’ என்ற சிறிய குதிரைப் படத்தை பிரான்சில் த்ரூஃபோ பார்த்து வியந்து எழுதினார். பாரிஸில் இளைஞர்கள் அவரைக் கலைஞர் என்றார்கள். இங்கே அவர் அடுத்த மாத வாடகைக்கு அலைந்தார்.

இப்படித்தான் டாலஸ் வந்தார். ‘பிளானட் எக்ஸ்’ படத்தில் நடித்த ராபர்ட் கிளார்க் இப்போது தயாரிப்பாளராகவும் ஆகியிருந்தார், 2024-க்குப் போகும் விமானியும் அவரே. இரண்டு படங்களை அடுத்தடுத்து எடுத்து முடிப்பதாகத் திட்டம். கையில் இருந்தது ஏறக்குறைய இரண்டு வாரம்.

இடம் எது தெரியுமா? நாம் அக்டோபரில் பிள்ளைகளோடு போய்ப் பெரிய டெக்ஸ் பொம்மைக்குக் கீழே படம் எடுத்துக்கொள்கிறோமே, அந்த ஃபேர் பார்க். டெக்சாஸின் நூற்றாண்டு விழாவுக்காக 1936-இல் கட்டிய பொருட்காட்சிக் கூடங்கள் அங்கே உண்டு. டாலஸ் இந்தியர்களின் தீபாவளி மேளாவும் சில ஆண்டுகள் அங்குள்ள காட்டன் பவுல் அரங்கில் நடந்திருக்கிறது. எதிர்கால நகரம் எப்படி இருக்கும் என்று உல்மரும் கலை இயக்குநர் எர்ன்ஸ்ட் ஃபெக்டேயும் யோசித்தார்கள். காசு இல்லை. முக்கோணம் என்று முடிவு செய்தார்கள். கதவு முக்கோணம், ஜன்னல் முக்கோணம், தூண்கள் தலைகீழ் முக்கோணம், ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது திரை விலகுவதுகூட முக்கோணம். பணக்காரப் படங்களில் இல்லாத ஓர் ஒழுங்கு அதில் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பார்க்கிறவர்கள் ஒரு கட்டத்தில் இந்த முக்கோணங்களைப் பார்த்து வாயடைத்துப் போவதுண்டு. வியன்னாவில் அரங்கம் கட்டப் பழகிய கை அல்லவா? விமானத்துக்கு ஃபோர்ட் வொர்த் கார்ஸ்வெல் விமானப்படைத் தளம். ஆளில்லாத 2024-க்கு, கைவிடப்பட்ட ஒரு பழைய தளத்தையே அப்படியே படம்பிடித்துக்கொண்டார்கள்.

படத்தின் கதையில் நம்மைத் தொடுவது வேறொன்று. அந்த நிலத்தடி நகரத்தில் விமானி மட்டும் அந்நியர் இல்லை. அவருக்கு முன்பே வேறு வேறு ஆண்டுகளிலிருந்து காலம் தவறி வந்து சேர்ந்த விஞ்ஞானிகள் அங்கே இருக்கிறார்கள். நகரத்தார் அவர்களை நம்புவதில்லை. வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள், கண்காணிக்கிறார்கள். வந்தவர்களுக்கோ எப்படியாவது தங்கள் காலத்துக்குத் திரும்பிவிட வேண்டும். விமானத்தில் போக ஒருவருக்குத்தான் வழி என்றதும் அவர்களுக்குள்ளேயே துரோகம் தொடங்குகிறது. விசாவும் வரிசையும் காத்திருப்பும் தெரிந்த நமக்கு இது அறிவியல் புனைகதையாகத் தோன்றுவதில்லை. அவர்களில் மார்கோவா என்ற ரஷ்யப் பெண்ணாக நடித்தவர் உல்மரின் மகள் அரியான், அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார்.

கடைசியில் விமானி தன் 1960-க்குத் திரும்பிவிடுகிறார். எச்சரிக்கையைச் சொல்லியும் விடுகிறார். ஆனால் மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவரின் முகம் காட்டப்படும்போது, அவர் தொண்டு கிழவர். போய்வந்த காலம் உடம்பில் ஏறிவிட்டது. ஊரில் எல்லாம் அப்படியே இருக்கிறது, இவர் மட்டும் மாறிவிட்டார். பத்து வருடம் கழித்துச் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ விமானம் விட்டு இறங்கியவர்களுக்கு அந்த முகம் தெரியும். அந்தக் கிழவர் முகத்தைப் போட்டவர் ஜாக் பியர்ஸ். ஃபிராங்கன்ஸ்டைன் பூதத்துக்கு முகம் கொடுத்த யுனிவர்சல் ஒப்பனைக்காரர், பின்னாளில் அந்த நிறுவனத்தாலேயே வெளியே அனுப்பப்பட்டவர். யுனிவர்சல் கைவிட்ட இரண்டு பேர் டாலஸ் பொருட்காட்சித் திடலில் மீண்டும் சந்தித்துக்கொண்டார்கள்.

1960-இல் படம் வந்தது. அதே ஆண்டு, பெர்லின் ஞாயிற்றுக்கிழமைப் படத்தின் பழைய கூட்டாளி பில்லி வைல்டரின் ‘தி அபார்ட்மெண்ட்’ வந்து ஐந்து ஆஸ்கார்களை அள்ளியது. அடுத்த ஆண்டுப் படத்துக்காக ஷூஃப்டானுக்கும் ஒரு ஆஸ்கார். ஷெர்லியை விட்டிருந்தால் உல்மரும் அந்த மேடையில் நின்றிருப்பாரா? நின்றிருக்கலாம். நியூ ஜெர்சிப் படங்கள் இருந்திருக்காது. எங்களைக் கேட்டால், அந்தக் கணக்கில் உலகத்துக்கு நட்டமில்லை. உல்மருக்கு நட்டம் உண்டு, அதை மறைக்கவும் வேண்டியதில்லை.

அறுபதுகளின் நடுவில் கடைசிப் படம். பிறகு பக்கவாதம் அடுத்தடுத்துத் தாக்கியது. 1970-இல் இளம் இயக்குநர் பீட்டர் பொக்டனோவிச் வந்து ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு நீண்ட பேட்டி எடுத்தார். மாடி கட்டிய கதைகள் பலவும் அதில்தான் பதிவாகின. 1972 செப்டம்பர் 30 அன்று கலிஃபோர்னியாவின் வுட்லண்ட் ஹில்ஸில் உல்மர் காலமானார்.

படச்சுருள்கள் சும்மா இருந்தால் கெட்டுப்போகும். நம் சங்கங்களின் பழைய விழா ஒளிநாடாக்கள் எந்த வீட்டுக் கராஜில், எந்த வெயிலில் வெந்துகொண்டிருக்கின்றன என்று நமக்கே தெரியும். உல்மரின் படங்கள் பல முதலாளிகளிடம், பல மொழிக்காரர்களிடம் சிதறிக் கிடந்தன. இத்திஷ் படங்களை மாசசூசெட்ஸில் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய யூதத் திரைப்பட மையம் மீட்டெடுத்து, ஆங்கில வசன எழுத்துகளோடு மறுபடி திரைக்குக் கொண்டுவந்தது. மற்றவற்றைத் தேடிச் சேர்க்கும் வேலையை அரியான் எடுத்துக்கொண்டார். தாயும் மகளுமாக அப்பாவின் தாள்களையும் படப்பிரதிகளையும் காத்தார்கள், அதற்கென்றே ஒரு அமைப்பைத் தொடங்கினார் மகள். படச்சுருள்கள் இன்று ஆஸ்கார் அகாதெமியின் திரைப்படக் காப்பகத்தில் இருக்கின்றன. டாலஸில் எடுத்த 2024-இல் தன் காலத்துக்குத் திரும்ப விமானத்துக்காகப் போராடும் மார்கோவாவைப் பார்க்கும்போது, இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் காட்சி வேறு மாதிரி இருக்கும். படம் 75 நிமிடம்தான். அடுத்த முறை ஐ-45-இல் ஏறி ஃபேர் பார்க் போவதற்கு முந்தின இரவு போட்டுப் பார்க்கலாம்.